முனியாண்டியைத் திருப்பிய கட்டைவிரல்

பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் நிறுத்த இடம் கிடைப்பது அரிது. சங்கு சுவாமிகள் எழுந்தருளிய பிறகு, ஆள் நிற்கவே இடம் கிடைப்பது அரிதாகிவிட்டது.

பூமாலைக் கடைக்கும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கும் நடுவே குறுகிய மாடிப்படி ஒன்று. அந்தப் படியின் உச்சியில் அருள். அருளுக்கு முன்னால் வரிசை. வரிசை படியிறங்கி, நடைபாதையில் வளைந்து, பல் மருத்துவர் வாசல்வரை நீண்டது. பல்வலியோடு வந்த ஒருவர் இதுதான் தம் வரிசை என்று எண்ணி ஒரு மணி நேரம் நின்று, மாடியேறி, சுவாமிகளிடம் வாயைத் திறந்து காட்டினாராம். சுவாமிகள் அந்த வாயிலும் ஒரு சிட்டிகை விபூதி போட்டு அனுப்பினாராம். நின்ற கால்வலியில் அவருக்குப் பல்வலி மறந்துபோயிற்று. அதுவும் அற்புதப் பட்டியலில் ஏறிற்று!

சபாபதி என்ற இயற்பெயர் கொண்ட இந்தச் சங்கு சுவாமிகள் மற்றவர்களைப் போல வருங்காலம் சொல்பவரல்லர். வருங்காலம் சொன்னால், ஒருநாள் அது வந்து நின்று பல்லை இளித்துவிடும். சுவாமிகள் கெட்டிக்காரர்; கடந்த காலத்தைச் சொன்னார்.

இந்த நாட்டுத் தமிழர் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். பாட்டன் ரப்பர் பால்மரம் சீவிய தோட்டம் ஒன்றின் பெயரைச் சொல்லுவார். பெயர் இருக்கும், தோட்டம் இருக்காது. அங்கே அடுக்குமாடி நிற்கும், இல்லையென்றால் நெடுஞ்சாலை ஓடும். தொழிலாளர் குடியிருந்த லயம் எங்கே இருந்தது, கோவில் எங்கே இருந்தது, சொல்ல ஆளில்லை. அந்த ஏக்கம் உண்மையானது, மதிக்கத்தக்கது. அந்த உண்மையான ஏக்கத்தின் மேல்தான் சுவாமிகள் தம் போலிக் கடையை விரித்தார்.

முறை மிக எளிது. நீங்கள் உங்கள் தோட்டத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். சுவாமிகள் திரைக்குப் பின்னால் சென்று மூன்று நிமிடம் கற்பூரம் காட்டுவார். காதை மூடிய பெரிய தலைப்பாகையோடு வெளியே வந்து, வலம்புரிச் சங்கு ஒன்றைத் தலைப்பாகைமேல் வைத்து அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். முன்னோரின் குரல் சங்கில் கேட்கும். கேட்பதைச் சொல் பிசகாமல் திருப்பிச் சொல்லுவார். தோட்டத்தில் எத்தனை லயம், எந்த ஆண்டு பள்ளிக்கூடம், எந்த ஆண்டு மூடுவிழா, எல்லாம் வரும். கேட்டவர்கள் விம்முவார்கள். விம்மி முடித்ததும், தோட்டத்துத் தெய்வம் கோபமாக இருக்கிறது என்ற செய்தி வரும். கோபத்துக்கு ஓராண்டுப் பூசை வரும்.

வாசலில் ஒரு பிரம்புக் கூடை. கைப்பேசியை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். கைப்பேசி அலைகள் ஆவிகளை விரட்டிவிடுமாம்! வெள்ளைக்காரத் துரைக்கும் அஞ்சாத நம் பாட்டன்மார் கைப்பேசிக்கு அஞ்சி ஓடுகிறார்களாம்!

இன்னொரு சிறப்பும் உண்டு. வாக்குச் சொல்லும்போது சுவாமிகள் இடையிடையே எண்களையும் உதிர்ப்பார். 'இத்தோட்டம் ஆற்றங்கரையில் அமைந்திருந்தது, மூன்று.' ஏன் மூன்று? எவருக்கும் தெரியாது. ஆனால், தெரியாத எண்ணை என்ன செய்ய வேண்டும் என்பது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். நாலு எண் சேர்ந்ததும் நாலு நம்பர் லாட்டரிக் கடைக்கு ஓட வேண்டும். மேரு என்ற ஊரில் லோரி ஓட்டும் கமலநாதன் என்பவர் இதற்கென்றே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். ஒரே ஒருமுறை அவருக்கு ஆறுதல் பரிசு விழுந்தது. விழாத முறைகளைப் பற்றி அவர் பேசுவதில்லை. விழுந்த ஒன்றைப் பற்றிப் பேசவே அவருக்கு நேரம் போதவில்லை.

இது நிற்க. அதே தெருவில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்தவள் புனிதா. கிள்ளானிலிருந்து நாள்தோறும் கொமுட்டர் ரயிலில் வருவாள். பயண நேரத்தில் மற்றவர்கள் தூங்குவார்கள். இவள் இணையக் கலைக்களஞ்சியத்தைத் திருத்துவாள்.

எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம் என்று திறந்து கிடக்கும் கலைக்களஞ்சியம் அது. மூன்று ஆண்டுகளுக்கு முன், தன் குடும்பம் வாழ்ந்த சுங்கை ரம்பைத் தோட்டத்தைப் பற்றிய கட்டுரையில் மாவட்டத்தின் பெயர் தவறாக இருப்பதைப் பார்த்தாள். 'திருத்து' என்ற பொத்தானை அமுக்கினாள். அன்று தொடங்கியது. அதன் பிறகு அறுபது தோட்டங்களுக்குக் கட்டுரை எழுதிவிட்டாள். சம்பளம் கிடையாது, பொன்னாடை கிடையாது. கிடைப்பதெல்லாம் ஒன்றுதான்: ஆதாரம் காட்டாமல் ஒரு வரி எழுதினால், உலகின் ஏதோ மூலையிலிருந்து முகம் தெரியாத ஒருவர் வந்து, அந்த வரியின் வாலில் 'சான்று தேவை' என்று சிறு எழுத்தில் ஒட்டிவிட்டுப் போய்விடுவார். இதைச் செய்வதில் 'குறள்நேயன்' என்ற புனைபெயர்க்காரர் ஒருவர் மகா கெட்டிக்காரர். புனிதா அவரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஆனால் வாரம் இருமுறை அவரோடு சண்டை போட்டுவிடுவாள்.

புக்கிட் செராய் தோட்டத்துக்குப் படம் தேடிப் போனபோதுதான் குரு என்ற இளைஞனைச் சந்தித்தாள். மேருவில் ஒரு தொழிற்சாலையின் சரக்கு அறைக்குப் பொறுப்பாளன். அவன் தாயார் அமுதவள்ளி அந்தத் தோட்டத்தில் பிறந்தவர். பழைய ஆல்பத்தைக் கொடுத்தான். அதைத் திருப்பி வாங்க நாலு முறை வந்தான். கட்டுரை முடிந்தபோது காதலும் முடிவாகியிருந்தது. இரு வீடும் சம்மதித்தன. மண்டபம் பார்ப்பதற்கு முன், ஒரே ஒரு வார்த்தை சுவாமிகளிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று அமுதவள்ளி பிரிக்பீல்ட்ஸ் போனார்.

போனவர் முகம் கறுத்துத் திரும்பினார். கம்போங் மேடானில் உள்ள தம் வீட்டுக்குப் புனிதாவையே வரவழைத்துச் சொல்லிவிட்டார்.

"கோவிச்சுக்காதம்மா. இந்தக் கல்யாணம் வேணாம். உங்க தோட்டத்து மாரியம்மா கிழக்கப் பாக்குறா. எங்க முனியாண்டி மேற்கப் பாக்குறாரு. ஒருத்தருக்கொருத்தர் முதுகு காட்டி நிக்கிறாங்கன்னு சாமி சொல்லிட்டாரு. குலம் தழைக்காதாம்."

"அம்மா, ஒண்ணு கிழக்க, ஒண்ணு மேற்கன்னா, நேருக்கு நேராவும் பாத்துக்கிட்டு இருக்கலாம்லா," என்றான் குரு. "யாரு எந்தப் பக்கம் நிக்கிறாங்கன்னு பாக்கணும்."

"வாயை மூடு. சாமி முதுகுன்னாரு. முதுகுதான்."

"என்ன சொன்னாரு ஆன்டி? அப்படியே சொல்லுங்க," என்றாள் புனிதா.

அமுதவள்ளி கண்ணை மூடி, பள்ளிப் பிள்ளை செய்யுள் ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தார். "புக்கிட் செராய் தோட்டம் கிள்ளானுக்கு வடக்கே அமைந்திருந்தது, இரண்டு. ஐந்து லயங்களைக் கொண்டிருந்த இத்தோட்டத்தின் முனியாண்டி கோவில் மேற்கு நோக்கி இருந்தது, நான்கு. அந்த ரெண்டையும் நாலையும் கமலநாதன் எழுதிக்கிட்டாரு."

புனிதா கையிலிருந்த தேநீர்க் கோப்பை உதட்டுக்குப் போகும் வழியில் நின்றது.

"ஆன்டி, இது நான் எழுதினது."

"எது?"

"இது மொத்தமும். 'அமைந்திருந்தது', 'கொண்டிருந்த'ன்னு எந்த ஆவி பேசும்? நான்தான் அப்படி எழுதுவேன். ரெண்டும் நாலும் அடிக்குறிப்பு எண். எதைப் பாத்து எழுதினேன்னு காட்ட நான் போட்டது. நாலாவது, உங்க ஆல்பத்து போட்டோ!"

"ஓஹோ. சாமி உன்னைப் பாத்து காப்பி அடிச்சாரா? அவருகிட்ட போனே கிடையாதும்மா. நம்ம போனையே கூடையில போடச் சொல்றாரு."

புனிதாவின் முகம் மாறியது. கோபத்தால் அன்று, வெட்கத்தால். "அதுல இன்னொண்ணு இருக்கு ஆன்டி. மேற்குங்கிறதே என் தப்பு. போட்டோவுல முனியாண்டி முகத்துல வெயில் அடிக்குது. எல்லாரும் நல்ல சட்டை போட்டிருக்காங்க. வேலை முடிஞ்சு சாயங்காலம் எடுத்ததுன்னு நானா முடிவு பண்ணிட்டேன். சாயங்கால வெயில்னா மேற்கு. எழுதிட்டேன். எழுதியிருக்கவே கூடாது."

தன் கல்யாணத்துக்குக் குறுக்கே தானே ஒரு வாக்கியத்தைக் கிடத்தி வைத்திருந்தாள் அந்தப் பெண்!

"நீங்க ஒம்பது வயசு வரைக்கும் அங்கதான இருந்தீங்க? முனியாண்டி எந்தப் பக்கம் பாத்தாரு?"

அமுதவள்ளியின் முகம் சற்று மலர்ந்தது. "காலையில அப்பா வேலைக்குப் போறப்ப என்னைத் தூக்கிட்டுப் போயி கோவில்ல எறக்கி விடுவாரு. சூரியன் கெளம்பும். முனியாண்டி கண்ணு ரெண்டும் பளபளன்னு மின்னும். பயந்து ஓடியாருவேன்."

"அப்ப கிழக்கு!"

"இல்லம்மா. சாமி மேற்குன்னு சொல்லிட்டாரு. சின்னப் பிள்ளைதான, நான் தப்பாப் பாத்திருப்பேன்."

கேட்டீர்களா! ஒன்பது ஆண்டு பார்த்த தன் கண்ணைச் சந்தேகிக்க முடிந்தது. மூன்று நிமிடம் கேட்ட சாமியாரின் வாயைச் சந்தேகிக்க முடியவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேட்டால், அந்தக் காலத்தில் சூரியனே மேற்கில்தான் உதித்தது என்று சொல்லத் தயார்.

புனிதா விடவில்லை. வீட்டில் பழைய காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். அலமாரியில் சேலைகளுக்கு அடியில் அந்தக் கோவிலின் திருவிழா மலர் ஒன்று கிடைத்தது. ஏழாம் பக்கத்தில் தெளிவாக அச்சாகியிருந்தது: 'கிழக்கு நோக்கி வீற்றிருக்கும் முனியாண்டி.'

அமுதவள்ளி கண்ணாடியைப் போட்டுப் படித்தார். கழற்றினார். "அச்சுல தப்பு வந்திருக்கும்," என்றார்.

"விடு புனிதா," என்றான் குரு, அவளை வாசலுக்கு இழுத்துப் போய். "நீ ஒரு வேலை செய். முனியாண்டி மோட்டார் சைக்கிள்ல குந்திக்கிட்டிருக்காருன்னு எழுது. சாமியாரும் அதையே சொல்லுவான். மாட்டிக்குவான்."

"மாட்டேன்."

"ஒரு நாளைக்குத்தான்லா!"

"ஒரு நிமிஷத்துக்கும் மாட்டேன். ஏதாச்சும் ஒரு பிள்ளை ஸ்கூல் புரொஜெக்டுக்கு அந்த நிமிஷம் பாத்து எழுதிட்டுப் போயிடும். பொய்யைப் பிடிக்க நானே பொய் எழுதினா, அந்த ஆளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? என் தப்பைத் திருத்தத்தான் போறேன். எப்பத் திருத்துறேங்கிறதுதான் விஷயம்."

உள்ளே போய் அமுதவள்ளியிடம் பந்தயம் வைத்தாள். "வர்ற ஞாயித்துக்கிழமை காலையில நீங்க சாமியாரைக் கேளுங்க. மத்தியானம் அதே தோட்டத்தைப் பத்தி வேற ஒருத்தர் கேக்கட்டும். ரெண்டு தடவையும் ஒரே பதில் வந்தா, நானே இந்தக் கல்யாணத்தை விட்டுடுறேன். பதில் மாறினா, நீங்க சாமியாரை விடணும்."

"சத்தியமா?"

"சத்தியமா."

குருவுக்கு வியர்த்துவிட்டது.

ஞாயிறு வந்தது. காலை பத்தரை மணிக்கு அமுதவள்ளியின் முறை. கூடம் நிறைந்த கூட்டத்தின் முன் சுவாமிகள் சங்கை அழுத்திக்கொண்டு முழங்கினார். "முனியாண்டி கோவில் மேற்கு நோக்கி இருந்தது, நான்கு." அமுதவள்ளி திரும்பிப் புனிதாவைப் பார்த்த பார்வையில் இரக்கம்கூட இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு இடைவேளை. சுவாமிகளுக்குத் தியானம், மற்றவர்களுக்குச் சோறு. அமுதவள்ளி விரதம் என்று மாடியிலேயே அமர்ந்துவிட்டார். புனிதா கூடையிலிருந்து தன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு கீழே சாப்பாட்டுக் கடைக்கு வந்தாள். வலக்கை ரசச் சோற்றில் இருக்க, இடக்கைக் கட்டைவிரலால் திருத்தினாள். மேற்கு போயிற்று; கிழக்கு வந்தது; திருவிழா மலர், பக்கம் ஏழு என்று சான்றும் வந்தது. எத்தனையோ பூசைக்கும் அசையாத முனியாண்டி ஒரு கட்டைவிரலுக்கு வட்டமடித்துத் திரும்பினார்.

"நானும் ஒரு வரி சேத்திருக்கேன்," என்றான் குரு, அப்பளத்தை நொறுக்கியபடி. "எங்க தாத்தாவைப் பத்தி."

"என்ன வரி?"

"'இத்தோட்டத்தின் மிகச் சிறந்த உறுமி வாசிப்பாளர் சின்னக்கண்ணு ஆவார்.'"

"சான்று?"

"அம்மா சொன்னாங்க."

"ஐயோ, அது சான்று இல்ல! எடு அதை."

எடுப்பதற்குள் வந்துவிட்டார் குறள்நேயன். எந்த நாட்டில் எந்த வேளையோ, பத்தே நிமிடத்தில் அந்த வரியின் வாலில் தம் வழக்கமான இரண்டு சொல்லை ஒட்டிவிட்டுப் போய்விட்டார். குரு கொதித்தான். "யாருலா இவன்? எங்க தாத்தாவைப் பத்தி இவனுக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. அதனாலதான் கேக்குறாரு. வா, நேரமாச்சு. அதை அப்புறம் பாத்துக்கலாம்."

இரண்டு மணி. முறை கமலநாதனுடையது. அவரும் புக்கிட் செராய் தோட்டத்தில் பிறந்தவர்தாம். நோட்டுப் புத்தகத்தை விரித்துப் பேனாவை எச்சிலில் தொட்டுக்கொண்டு அமர்ந்தார். தோட்டத்தின் பெயரைச் சொன்னார். திரை. மூன்று நிமிடம். கற்பூரம். சங்கு.

"புக்கிட் செராய் தோட்டம் கிள்ளானுக்கு வடக்கே அமைந்திருந்தது, இரண்டு. ஐந்து லயங்களைக் கொண்டிருந்த இத்தோட்டத்தின் முனியாண்டி கோவில் கிழக்கு நோக்கி இருந்தது, ஐந்து."

அமுதவள்ளி எழுந்துவிட்டார். "சாமி! காலையில மேற்குன்னீங்களே?"

கூடம் முழுதும் அவர் பக்கம் திரும்பியது. கமலநாதனின் பேனா நின்றது. சுவாமிகள் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். குற்றவாளி திணறுவான் என்று நினைத்தீர்களா? தொழில் தெரிந்தவர் திணறுவதில்லை.

"காலையில் மேற்கு. உண்மை. நண்பகலில் நான் தியானத்தில் அமர்ந்தேனே, எதற்கு? முனியாண்டி மனமிரங்கித் திரும்பிவிட்டார், தாயே! கிழக்கே திரும்பிவிட்டார்!"

"அரோகரா!" என்று அதிர்ந்தது கூடம். ஒரு பெண்மணி மயங்கி விழ இடம் தேடினார். கமலநாதன் ஐந்து என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டார். அமுதவள்ளியின் கைகள் தாமாகக் குவிந்தன. "அப்ப கல்யாணத்தை நடத்தலாமா சாமி?"

"நடத்தலாம். ஆனால் ஓராண்டுப் பூசை நடக்க வேண்டும். நடக்காவிட்டால் அவர் மறுபடியும் திரும்பிவிடுவார்."

புனிதா சுவரில் சாய்ந்துவிட்டாள். பிடித்த பொய்யையே மாலையாக்கிப் போட்டுக்கொண்டுவிட்டாரே! பதில் மாறிற்று, கூட்டம் மாறவில்லை. குரு அவள் கையைப் பிடித்தான்.

வெற்றி பெற்ற சுவாமிகள் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கைதட்டல் யாரை நிறுத்த விட்டது? சங்கை மறுபடி அழுத்தினார். குரல் இன்னும் உயர்ந்தது.

"இன்னும் சொல்கிறார்கள் முன்னோர்! இத்தோட்டத்தின் மிகச் சிறந்த உறுமி வாசிப்பாளர் சின்னக்கண்ணு ஆவார்…"

"எங்கப்பா!" என்று அலறினார் அமுதவள்ளி. கண்ணீர் பொங்கிவிட்டது. "எங்கப்பா பேரு சாமி!"

"…சான்று தேவை."

அமுதவள்ளியின் கண்ணீர் பாதிக் கன்னத்தில் நின்றது.

"என்னது?"

சுவாமிகளுக்குக் காதில் விழுந்தது வாயில் வந்துவிட்டது. திரும்பப் பெற வழியில்லை. "சான்று… தேவை என்று முன்னோர்…"

"எங்கப்பாவுக்கா சான்று?" அமுதவள்ளி சேலையை இழுத்துச் செருகினார். "எங்கப்பா உறுமியைத் தொட்டா நாலு தோட்டம் கூடும். அதுக்கு உனக்கு சான்று வேணுமா? முனியாண்டி பக்கத்துல உக்காந்து வாசிச்ச மனுசன்! முனியாண்டிக்கே தெரியும், உனக்குத் தெரியலையா? யாரு அங்க உள்ள பேசுறது? குடு அந்தச் சங்கை, நானே கேக்குறேன்!"

மேடையேறினார். சங்கைப் பிடுங்கினார். காதில் வைத்துப் பார்த்தார், வெறும் சங்கு. அடுத்த பிடி தலைப்பாகைக்கு. அது அவிழ, உள்ளேயிருந்து ஒரு மெல்லிய கம்பி கூடவே வந்தது. கம்பியின் மறுமுனை சுவாமிகளின் இடுப்புக் கச்சையிலிருந்து பிய்ந்துகொண்டு வெளியே துள்ளியது. உடனே அந்தத் திருவயிறு, இயந்திரப் பெண்குரலில், கூடம் முழுதும் கேட்கப் பேசத் தொடங்கிற்று:

"இப்பக்கத்தைக் கடைசியாகத் திருத்திய நேரம், இன்று, பன்னிரண்டு நாற்பது. உள்ளடக்கத்தை எவரும் திருத்தலாம்."

கச்சைக்குள் ஒளிந்திருந்த கைப்பேசி பக்கத்தைத் தானே வாசித்துக் காட்டுகிறது; பார்வையற்றோருக்காக அறிவுடையோர் கண்டுபிடித்த அருமையான வசதி அது. கண்ணுள்ளவர்களைக் குருடாக்க அதைப் பயன்படுத்திய பெருமை நம் சுவாமிகளையே சேரும்.

புனிதா கூடையை அப்படியே தூக்கிக் கூட்டத்தின் நடுவே வைத்தாள். "அவங்கவங்க போனை எடுங்க. உங்க தோட்டத்துப் பேரைப் போட்டுத் தேடிப் பாருங்க."

எடுத்தார்கள். தேடினார்கள். சென்ற வாரம் விம்மியவர்கள் அதே வரிகளை, அதே எண்களோடு, தங்கள் உள்ளங்கையில் படித்தார்கள். கமலநாதன் நோட்டுப் புத்தகத்தையும் கைப்பேசித் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தங்கச்சி, அப்ப நான் வாங்கின நம்பர் எல்லாம்?"

"அடிக்குறிப்பு அண்ணே. நீங்க போன மாசம் பூரா காசு கட்டின நம்பரு ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி வரலாற்று மலரோடது."

"அலாமாக்!" என்று தலையில் கைவைத்தார் அவர். பிறகு தம்மையறியாமல் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு கூடத்தில் ஒவ்வொருவராகத் தொற்றிற்று. ஏமாந்தவன் சிரிக்கத் தொடங்கிவிட்டால் ஏமாற்றுக்காரனுக்கு அங்கே வேலையில்லை. தலைப்பாகையும் சங்கும் மேடையிலேயே கிடக்க, சுவாமிகள் பின்படி வழியாக மறைந்தார். அவர் எந்தத் திசை நோக்கிப் போனார் என்பதற்கு மட்டும் சான்றில்லை.

அமுதவள்ளி படியிறங்கி வந்தார். கடைசிப் படியில் நின்றார்.

"காலையில வெயில் அடிச்சது முனியாண்டி கண்ணுலதான். நான் சரியாத்தான் பாத்திருக்கேன்."

"சரியாத்தான் பாத்தீங்க ஆன்டி. தப்பா எழுதினது நான்."

"ஆன்டி என்ன ஆன்டி, அத்தைன்னு கூப்பிடு. வா, மண்டபம் பாக்கப் போவோம்."

"திசை பாக்கணுமா அத்தை?"

"கார் நிறுத்த இடம் இருக்கான்னு மட்டும் பாரு."

தோழர்களே, அந்தப் பக்கத்தைத் திறந்தால் இன்றும் பார்க்கலாம்: மேற்கு என்று எழுதியவள் யார், எந்த நாளில் எழுதினாள், கிழக்கு என்று மாற்றியவள் யார், எதை ஆதாரமாக வைத்து மாற்றினாள். எல்லாம் பகிரங்கமாக இருக்கிறது. இரண்டும் ஒரே பெயர். தன் தவற்றை ஊரறியத் திருத்திக்கொண்ட ஒரு மருந்துக் கடைப் பெண்ணை நம்பத் தயங்கினோம். தவறே செய்யாதவன் என்று தன்னைத் தானே சொல்லிக்கொண்டவன் முன்னால் கைகட்டி நின்றோம். கட்டிய அந்தக் கைகளைச் சற்றே அவிழ்த்து, ஒரு கையால் தலையைத் தட்டிப் பாருங்கள். உள்ளே ஒன்று இருக்கிறது. அதைப் பயன்படுத்த எந்தச் சாமியாரின் அனுமதியும் வேண்டியதில்லை.